அவள் துக்கத்தை ஜெபக்குறிப்பாக்கிய மகனுக்கு

மகனே,

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் நம் வீட்டில் கடிதம் எழுத ஆரம்பிப்போம். இன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அனுப்பிய செய்தியை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். “நான் ஜெபம்தானம்மா கேட்டேன்? அதுக்குப் போய் இவ்ளோ கோவமா?” என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், இவ்வளவு கோபம்தான். உண்மையில் இதுவே குறைவு. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ “மீட்டிங்ல இருக்கேன்மா” என்று வைத்துவிடுவாய். கிண்டியில் உன் ஆபீஸில் அப்படி என்ன ஓயாத மீட்டிங்கோ எனக்குத் தெரியாது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி.

எல்லாம் எழுதி முடித்த பிறகு இந்த ஒரு பத்தியை இங்கே சேர்க்கிறேன். நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து, போதகரம்மா இதைப் பெண்கள் ஐக்கியத்தில் வாசிக்கத் தர முடியுமா என்று கேட்டார்கள். நம் எல்லோருக்கும் இது உறைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். உன்னை நம்பி வந்து பேசிய அந்தப் பெண்ணுக்கு நான் முழுவதையும் வாசித்துக் காட்டிக் கேட்டேன். அவள் சரி என்றாள். நீயும் சரி என்றால்தான் கொடுப்பேன். வேண்டாம் என்றால் இது உன்னோடு நின்றுவிடும். கேட்டுவிட்டுச் செய்வது எப்படி என்று அறுபத்தாறு வயதில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். இதில் அவள் பெயர் இல்லை, உன் பெயரும் இல்லை. அவள் வேலை செய்த கடையின் மாடியையும், விடுதி இருந்த பகுதியையும் மாற்றி எழுதியிருக்கிறேன். உனக்கு உண்மை தெரியும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

என்ன நடந்தது என்பதை நான் ஒருதரம் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை இன்னும் வரிசையாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் அடையாறு வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். உன் மனைவி டீ போடப் போன நேரத்தில், ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னாள். கணவன் துபாயில் இருக்கிறான் என்று அவள் சபையில் சொல்லி வந்தது பொய், அவன் ஆவடியில்தான் இருக்கிறான், அவன் அடி தாங்காமல் ஓடி வந்தவள் அவள், அவன் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றாள். “பயமா இருக்குண்ணா. பயம் போகணும்னு ஜெபம் பண்ணிக்கோங்க” என்றாள். உன்னை அண்ணா என்று கூப்பிட்டுத்தான் கேட்டாள்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே நீ அதைச் சபையின் ஜெபக்குழுவில் போட்டாய். வாட்ஸ்அப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழு. பெயர் போடவில்லையே என்கிறாய். பெயரைத் தவிர எல்லாவற்றையும் போட்டாயே! பாண்டி பஜார் பக்கத்தில் துணிக்கடையில் வேலை செய்யும் சகோதரி, அசோக் நகர் விடுதியில் தங்கியிருப்பவர், பாடகர் குழுவில் இருப்பவர், கணவரைப் பிரிந்து வந்து வேதனையில் இருக்கிறார், உடைந்த அந்தக் குடும்பம் மறுபடி கட்டப்பட பாரத்தோடு ஜெபிப்போம். இதில் பெயர் எதற்கு? பத்து நிமிஷத்தில் ஒருவர், “கொயர்ல ஆல்டோ பாடுமே, அந்தப் பொண்ணா பிரதர்?” என்று கேட்டார். இன்னொருவர் பெயரையே எழுதி, கூப்பின கை எமோஜி நாலைப் பக்கத்தில் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் நாற்பது கூப்பின கைகள். எல்லோருக்கும் நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணம் யார் யார் போன் வழியாகவோ ஆவடி போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு அவன் கடை வாசலில் நின்றான்.

எனக்கு அவள் போன் செய்தபோது நான் மந்தைவெளி மார்க்கெட்டில் வெண்டைக்காய் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கூப்பிடாமல் ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று யோசித்தாயா? ஆறு மாதம் முன்னால் ஆராதனை முடிந்து அவள் தன் மணிக்கட்டைக் காட்டி, “மழை வந்தா வலிக்குது ஆன்ட்டி, என்ன மாத்திரை போடலாம்?” என்று கேட்டாள். எலும்பு முறிந்து சரியாகச் சேராத கை. முப்பத்து மூன்று வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அது வழுக்கி விழுந்த கையா, முறுக்கிய கையா என்று தெரியாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் சொன்னேன், ஒரு கட்டுத்துணி வாங்கிக் கொடுத்தேன். கேட்காமல் விட்டதைத்தான் அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கடை வாட்ச்மேன் என்னிடம் வந்து, “நீங்கதான் அந்தப் பொண்ணுக்கு வேண்டியவங்களா? ஒருத்தன் ரொம்ப நேரமா அதைக் கேட்டுக்கினு நிக்கிறான்மா, மொகமே சரியில்ல. நீங்க பின்னால கேட்டாண்ட போங்க, பாய் கீறாரு” என்றார். பாய் என்றது அந்த மாடியின் சூப்பர்வைசரை. அவன் முதலில் அவரிடம்தான் போய்த் தன் பெண்டாட்டியைக் கேட்டிருக்கிறான். அவர் அவனை நிமிர்ந்து பார்த்து, “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே தம்பி” என்று சொல்லிவிட்டு, அவளைப் புடவைக் கட்டு ஏற்றுகிற லிஃப்டில் இறக்கிப் பின்பக்கக் குடோனில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். நான் போனதும் என்னிடம் யார், என்ன, ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது. “கூட்டிட்டுப் போங்கம்மா. பொண்ணு பத்திரம்” என்றார், அவ்வளவுதான். ஞாயிறு பள்ளியில் நல்ல சமாரியன் நாடகம் போட்டபோது அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போகிற லேவியன் வேஷத்தை உனக்குக் கொடுத்தார்கள் என்று நீ மூன்று நாள் அழுதாயே. வேஷம் சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது.

இப்போது அவளுக்கு அந்த வேலை இல்லை. விடுதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் நின்று பாடிய இடம் இல்லை. நம் சபையில் யார் தன்னைப் பார்த்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அவளை விட்டுப் போகாது. ஒன்றரை வருஷம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்ததை நீ ஒரு காபி நேரத்தில் கலைத்துவிட்டாய். அவள் எங்கே இருக்கிறாள் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மாட்டேன். பெற்ற மகனிடம் இப்படி எழுத வேண்டி வந்ததே என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

நீ சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன். பலர் சேர்ந்து ஜெபித்தால் வல்லமை அதிகம் என்கிறாய். இரண்டு மூன்று பேர் கூடினாலே நான் அங்கே இருப்பேன் என்றுதானே ஆண்டவர் சொன்னார்? இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்றா சொன்னார்? அந்த வீட்டில் நீயும் உன் மனைவியும் அவளும் மூன்று பேர் இருந்தீர்கள். கணக்குச் சரியாகவே இருந்தது. அங்கேயே அவளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை ஜெபித்திருந்தால் போதுமே. இன்னொன்று, அவள் கேட்டது பயம் போக வேண்டும் என்று. நீ கேட்டது குடும்பம் சேர வேண்டும் என்று. அவள் வேண்டுதலையே மாற்றிவிட்டாயடா! பாதையோரம் கண் தெரியாமல் கத்திக்கொண்டிருந்த மனிதனைக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்டாரே. கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை.

உன் பிரசங்கங்களில் ‘இயேசு மனதுருகினார்’ என்று அடிக்கடி சொல்வாய். நன்றாகத்தான் சொல்வாய், முன் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர் மனதுருகிய இடங்களையெல்லாம் ஒருதரம் எடுத்துப் பார். ஒரு இடத்திலாவது உருகியதோடு நின்றாரா? குஷ்டரோகியைத் தொட்டார். பசித்த கூட்டத்தை உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார். ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையின் ஊர்வலத்தை நிறுத்திப் பாடையில் கை வைத்தார். கை எப்போதும் அவருடைய கையாகவே இருந்தது. வேறு நாற்பது பேரின் கையைக் கூப்பச் சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போகவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, காது கேளாத, பேச்சுத் திக்குகிற அந்த மனிதனின் கதை. ஊரே சேர்ந்து அவனை இயேசுவிடம் கொண்டு வந்து நிறுத்தியது. எல்லோரும் வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றார்கள். இயேசு அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனார். அங்கே வைத்துத்தான் காதைத் தொட்டார், நாவைத் தொட்டார். அந்த மனிதனின் முதல் திக்கலான சத்தத்தை ஊர் கேட்டுச் சிரித்துவிடக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றும். எங்கள் வார்டில் நாற்பது கட்டிலுக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன்தான் இருந்தது. பச்சைத் துணி போட்ட, சக்கரம் கிறீச்சிடும் மறைப்பு. ஒரு நோயாளியின் உடுப்பை விலக்கிப் பார்க்க வேண்டுமென்றால் அதை வார்டின் அந்தக் கோடியிலிருந்து இழுத்து வர வேண்டும். “எதுக்கு சிஸ்டர் இவ்ளோ தூரம் இழுக்குறீங்க, ஒரு நிமிஷ வேலைதானே” என்று டாக்டர்களே அலுத்துக்கொள்வார்கள். நான் இழுத்து வருவேன். கேஸ் ஷீட்டைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டாலும் வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இரக்கம் என்றால் எனக்கு முதலில் அந்த ஸ்க்ரீன்தான். மருந்து அதற்கு அப்புறம்.

நீ விடமாட்டாய், உன் அப்பாவின் வாயாடித்தனம் உனக்கும் உண்டு. உதிரம் நிற்காமல், கூட்டத்துக்குள் மறைந்து வந்து அவர் வஸ்திரத்தைத் தொட்ட பெரும்பாடுள்ள ஸ்திரீயை இயேசு கூட்டத்தின் நடுவில்தானே கூப்பிட்டார் என்பாய். நன்றாகப் படி. என்னைத் தொட்டது யார் என்று மட்டும் கேட்டார். அவள் வியாதி என்னவென்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நடுங்கிக்கொண்டே வந்து அவளே சொன்னாள், அவளே சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு மகளே என்றார். பன்னிரண்டு வருஷம் தீட்டு என்று அவளை ஒதுக்கிய கூட்டத்துக்கு அந்த ‘மகளே’ காதில் விழ வேண்டியிருந்தது. அவர் அவளை வெளியே கொண்டு வந்தது அவளுக்காக. நீ இவளை வெளியே கொண்டு வந்தது யாருக்காக? அந்த ஜெபக்குறிப்பைப் போட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று நீ எத்தனை தடவை போனை எடுத்துப் பார்த்தாய்? உன் மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் விட்டால் நான் மாய்மாலக்காரி. இதை நீ எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். என்னிடமிருந்துதான். உனக்கு அப்போது பத்து வயது. உனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. என்ன கஷ்டம் என்று இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை சொன்னதே போதும். நான் அதைப் புதன்கிழமைப் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று, உன் பெயர் சொல்லி, கண்ணீரோடு ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்களின் விஷயத்தையெல்லாம் கவிழ்த்து வைத்தவள், சபைக்குள் வந்ததும் சொந்தப் பிள்ளையின் விஷயத்தைப் பிரித்து வைத்தேன். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள், “எவ்ளோ பாரம் இந்தத் தாய்க்கு” என்றார்கள். அது எனக்குச் சுகமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அடுத்த ஞாயிறு நீ ஞாயிறு பள்ளியிலிருந்து பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாய். மைதானத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன்னைக் கண்டுபிடித்தேன். யாரோ ஒரு பிள்ளை, தன் அம்மா வீட்டில் பேசியதைக் கேட்டு வந்து, எல்லோர் முன்னாலும் உன்னிடம் கேட்டிருக்கிறான். நீ என்னைப் பார்த்து, “ஏம்மா சொன்ன?” என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. “ஜெபம்தானே கேட்டேன், இதுல என்ன தப்பு?” என்றேன். உன்னுடைய நேற்றைய செய்தியை ஏழெட்டுத் தடவை ஏன் படித்தேன் என்று இப்போது புரிகிறதா? அது நான் உனக்குச் சொன்ன வார்த்தை. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்போது கேட்கிறேன். தப்பு என் மேல்தான், மகனே. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஆனால் என் தப்பு உன் தப்பைக் குறைக்காது. அந்த வலி எப்படி இருக்கும் என்று தெரியாதவன் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அழுதவன் நீ. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் எனக்கு இந்தக் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது.

இனி என்ன செய்வது என்று கேட்டாய். குழுவில் போட ஒரு நீண்ட மன்னிப்புச் செய்தி எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள் என்று எனக்கு அனுப்பியிருந்தாய். அதை அழித்துவிடு. அதிலும் அவள்தான் இருக்கிறாள். உன் வருத்தத்துக்கு இன்னொரு நாற்பது கூப்பின கைகள் வரும், அத்தனை பேரும் மறுபடி ஒருதரம் அவள் கதையை நினைப்பார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று அழவும் கூடாது. போதகரிடம் தனியாகப் போய் நடந்ததைச் சொல், அந்தக் குழுவின் பொறுப்பிலிருந்து விலகு, ஏன் என்று யாராவது கேட்டால் நான் ஒரு தப்பு செய்தேன் என்பதோடு நிறுத்து. இனி யாராவது உன் வீட்டில் எல்லோரும் போன பிறகு நின்றால், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வா. கேள். என்ன வேண்டும் என்று அவர்களையே கேள். யாரிடமாவது சொல்லலாமா என்று கேள். வேண்டாம் என்றால் சாகும் வரை சுமந்துகொண்டு திரி. கிறிஸ்தவனாக வாழ்வது என்றால் பெரிய பிரசங்கம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் பாரத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நடப்பதில்தான் பாதி இருக்கிறது.

நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், ஐந்து நிமிஷம் போதும், நீங்களே கூட்டிப் போங்கள் என்று கெஞ்சியிருந்தாய். கூட்டிப் போக மாட்டேன் என்றாலும், நீ கேட்டதை அவளிடம் சொல்லாமல் மறைக்க எனக்கு உரிமை இல்லை. நேற்றுச் சாயங்காலம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அவள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன். இதை உனக்குச் சொல்லும்படி அவளே சொன்னாள்.

“அண்ணாவ மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க ஆன்ட்டி. நெசமாத்தான். ஆனா இனிமே எனக்காக ஜெபம் பண்ண வேணாம்னு சொல்லிடுங்க.”

உன் அம்மா